அரைக்கட்டை கீழே: யாருடைய சுருதி, யாருடைய தொண்டை?

1

திருவிழாப் பூசைக்கு எங்கள் தெரு ஆட்கள் பாட வேண்டிய முறை வந்த வருஷம் அது. பங்குக் கோயிலில் பாடகர் குழு என்று ஒன்று உண்டு. அதில் எங்கள் தெருவுக்கு இடம் கிடையாது. வருஷத்தில் ஒரு நாள் மட்டும் ‘முறை’ விடுவார்கள். எங்க அண்ணன் கையில் ஒரு பழைய கிதார் இருந்தது. ராத்திரி செபக்கூட்டங்களில் அந்தக் கிதாரோடு பாடித்தான் எங்கள் பொம்பளைகள் பழகியிருந்தார்கள். பகலெல்லாம் நடவு, களையெடுப்பு, சித்தாள் வேலை. அதை முடித்துவிட்டு ராத்திரி எட்டு மணிக்கு வந்து உட்காருகிற தொண்டைக்கு எந்தச் சுருதி ஒத்துவருமோ அந்தச் சுருதிக்குத் தந்திகளை இறக்கி வைத்திருந்தார் அண்ணன். அரைக்கட்டை. அவ்வளவுதான்.

கோயிலில் கீபோர்டு வாசித்த மாஸ்டர் ரெண்டு வரி கேட்டதும் கையைத் தூக்கி நிறுத்தினார். ‘‘சுருதி சேரல. மொதல்ல சுருதி சேக்கக் கத்துக்கிட்டு அப்புறமா வாங்க’’ என்றார். ‘‘அரைக்கட்டை எறக்கி வச்சிருக்கேன் சார். இவங்க தொண்டைக்கு அதான் ஒத்துவருது’’ என்றார் அண்ணன். ‘‘தொண்டைய ஏத்தச் சொல்லு. பாட்ட எறக்காத’’ என்று பதில் வந்தது. அண்ணன் தந்திகளை ஏற்றினார். பெரியம்மாவும் அத்தையும் எட்டாத இடத்தை எட்டப் பார்த்துக் கத்தினார்கள். முன்வரிசையில் சிரித்தார்கள்.

அந்தக் கீபோர்டில் ‘ட்ரான்ஸ்போஸ்’ என்று ஒரு பொத்தான் இருந்தது. ஒரு தடவை அழுத்தினால் வாத்தியம் மொத்தமும் அரைக்கட்டை இறங்கிவிடும். இது எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. மாஸ்டருக்கு அன்றைக்கே தெரியும்.

கிதார்க்காரர்கள் என்னத்துக்காகத் தந்தியை அரைக்கட்டை இறக்கிக் கட்டுகிறார்கள் என்ற கேள்வியை நான் எடுத்துக்கொண்டது இசை ஞானத்தினால் அல்ல. அந்தச் சிரிப்பினால்.

2

முதலில் சங்கதி என்னவென்று பார்த்துவிடலாம். கிதாருக்கு ஆறு தந்தி. கனத்த தந்தியிலிருந்து மெல்லிய தந்தி வரைக்கும் ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ என்று கட்டுவதற்குத்தான் ‘ஸ்டாண்டர்ட்’ என்று பெயர். நம்ம ஊர்க் கட்டைக் கணக்கில் ஈ என்பது மூணு கட்டை. ஆறு தந்திகளையும் ஒன்றுபோல் அரைச்சுரம் தளர்த்தினால் ஈ-யில் நின்றது ஈ ஃப்ளாட்டுக்கு, அதாவது ரெண்டரைக் கட்டைக்கு வந்துவிடும். விரல் வைக்கிற இடங்கள் மாறாது. ஒலி மட்டும் இறங்கும். நொடிக்கு 82.4 தடவை அதிர்ந்த கனத்த தந்தி 77.8 தடவை அதிரும். அதிர்வு சுமார் 5.6 விழுக்காடு குறைகிறது. ஆனால் தந்தியின் இழுவிசை சுமார் 11 விழுக்காடு குறைந்துவிடுகிறது. ஒலியில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் விரலுக்கு ரெண்டு மடங்கு லாபம்.

ஏன் இறக்குகிறார்கள் என்றால் வாத்தியக்காரர்கள் மூணு நாலு காரணம் சொல்லுவார்கள். ஒன்று, பாடுகிறவன் தொண்டை. தினமும் ராத்திரி ஒவ்வொரு ஊராகப் போய்ப் பாடுகிறவனுக்கு அரைக்கட்டை என்பது பெரிய ஆறுதல். ரெண்டாவது, விரல். வீணையில் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்துக் கமகம் பிடிப்பதுபோல ப்ளூஸ் கிதாரில் தந்தியை வளைத்து வளைத்துத்தான் அழ வைக்க வேண்டும். தளர்ந்த தந்தி சுலபமாக வளையும். மூணாவது, ஒலியின் நிறம்: கனமாக, கொஞ்சம் கறுத்து, அடிவயிற்றிலிருந்து வரும். நாலாவது, கூட வாசிக்கிறவர்கள். ட்ரம்பெட்டும் டெனர் சாக்ஸஃபோனும் பி ஃப்ளாட் வாத்தியங்கள். ஆல்டோ சாக்ஸஃபோன் ஈ ஃப்ளாட். கிதார் ஈ ஃப்ளாட்டுக்கு இறங்கினால் ஊதுகிறவர்களுக்கு வசதியான இடத்துக்கு அது வந்து சேருகிறது.

எல்லாம் சரிதான். ஆனால் இந்தப் பதில்கள் எல்லாவற்றுக்கும் அடியில் கேட்கப்படாத கேள்வி ஒன்று கிடக்கிறது. ‘இறக்கம்’ என்கிறோமே, எதிலிருந்து இறக்கம்? மேலே என்று ஒன்றை நட்டுவைத்தவர் யார்? ஊர் என்று ஒன்று மேட்டில் நின்றால்தானே சேரி என்று ஒன்று பள்ளத்தில் கிடக்கும்.

3

ஏ என்ற சுரம் நொடிக்கு 440 அதிர்வு என்பதை ஏதோ இயற்கை விதிபோலச் சொல்லித்தருகிறார்கள். அது விதி அல்ல, தீர்மானம். 1859-ல் பிரான்ஸ் சட்டம் போட்டு 435 என்றது. 1939-ல் லண்டனில் கூடிய மாநாடு 440 என்றது. சர்வதேசத் தர நிர்ணய அமைப்பு 1955-ல் அதைப் பரிந்துரைத்து, 1975-ல் மறுபடி உறுதிசெய்தது. அதற்கு முன்னால் ஊருக்கு ஊர், கோயிலுக்குக் கோயில் ஒரு சுருதி இருந்தது. ஆர்கன் எந்தச் சுருதியில் செய்யப்பட்டதோ அந்த ஊருக்கு அதுதான் சுருதி.

இன்னொரு வேடிக்கை. ஐரோப்பாவில் பாக் காலத்து இசையைப் ‘பழமை மாறாமல்’ வாசிக்கிற வித்வான்கள் இன்றைக்கு ஏ-வை 415-ல் வைத்துக்கொள்கிறார்கள். 440-லிருந்து 415 என்றால் என்ன? அச்சாக அரைக்கட்டை இறக்கம். அதற்குப் பெயர் புலமை, வரலாற்று நேர்மை. நம்ம ஊர் சபாக்களில் வித்வானின் தொண்டைக்குத் தக்கபடிதான் தம்புராவுக்குச் சுருதி கூட்டுகிறார்கள். ஒருவர் ஒரு கட்டையில் பாடுவார், இன்னொருவர் ஒன்றரையில் பாடுவார், பெண் பாடகர் ஐந்து கட்டையில் பாடுவார். ‘தொண்டைய ஏத்துங்க’ என்று எந்த ரசிகரும் எழுந்து சொல்லமாட்டார். அதற்குப் பெயர் சாரீர சுகம்.

ஆக, இறக்குவது குற்றமில்லை. யார் இறக்குகிறார் என்பதில்தான் குற்றமும் புலமையும் தீர்மானமாகின்றன. ஒரே அரைக்கட்டைதான். ஒரு பக்கம் சாஸ்திரம், இன்னொரு பக்கம் ‘சுருதி சேரல.’

4

இனி இந்த இறக்கத்தை யார் கைகள் செய்தன என்று பார்ப்போம். 1739-ல் தென் கரோலினாவில் ஸ்டோனோ ஆற்றோரம் அடிமைகள் முரசு கொட்டிக்கொண்டு கலகம் செய்தார்கள். அடுத்த வருஷமே, 1740-ல், அடிமைகள் முரசும் கொம்பும் வைத்திருக்கக் கூடாது என்று சட்டம் வந்தது. தோலைப் பிடுங்கிக்கொண்ட பிறகு மிச்சம் இருந்தது தொண்டையும், கையும், கிடைத்த கம்பியும்தான். மிசிசிப்பிப் பக்கத்துக் கறுப்புப் பிள்ளைகள் வீட்டுச் சுவரில் ஆணி அடித்து, ஒற்றைக் கம்பியை இழுத்துக் கட்டி, பாட்டிலால் தேய்த்து வாசித்துப் பழகினார்கள். 1903 வாக்கில் டட்வைலர் ரயில் நிலையத்தில் ஒரு கறுப்பு மனிதர் கிதார் தந்தி மேல் கத்தியை அழுத்தி வழுக்கி வாசித்ததைக் கேட்டேன் என்று டபிள்யூ. சி. ஹேண்டி தன் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். கத்தி எதற்கு? பியானோவில் ரெண்டு கட்டைக்கு நடுவில் சுரம் கிடையாது. இவர்களுடைய துக்கம் அந்த நடுவில்தான் இருந்தது.

லெட் பெல்லி என்கிற ஹட்டி லெட்பெட்டரை எடுத்துக்கொள்வோம். லூசியானாவில் பிறந்தவர். பன்னிரண்டு தந்திகள் கொண்ட ஸ்டெல்லா கிதார் வாசித்தார். அதை அரைக்கட்டை அல்ல, அதற்கும் எவ்வளவோ கீழே இறக்கிக் கட்டியிருந்தார். பன்னிரண்டு தந்தியையும் மேலே ஏற்றி இழுத்தால் கிதாரின் மரமே தாங்காது என்பது ஒரு காரணம். அவருடைய காது இன்னொரு காரணம். ஷ்ரீவ்போர்ட் நகரத்து ஃபேனின் தெரு மதுக்கடைகளில் பியானோக்காரர்களின் இடது கை உருட்டுகிற கனத்த சத்தத்தைத் தன் கிதாரில் கொண்டுவர நினைத்தார். பியானோ வாங்க வழியில்லாதவன் கிதாரைப் பியானோவாக்குகிறான். இறக்கம் இல்லாமல் அது நடக்காது.

1933-ல் ஜான் லோமாக்ஸும் அவர் மகன் ஆலனும் அங்கோலா சிறைப்பண்ணையில் அவர் பாட்டைப் பதிவுசெய்தார்கள். 1934-ல் விடுதலை ஆனவரை வெள்ளைக்காரர்கள் முன்னால் பாட அழைத்துப் போனார்கள். 1935-ல் எடுத்த செய்திப் படத்தில் அவருக்கு மறுபடியும் கைதி உடுப்பு போட்டு நடிக்க வைத்தார்கள். விடுதலையான மனிதன், ஆனால் கேட்கிறவர்களுக்குக் கைதியின் பாட்டுத்தான் வேண்டும். காசு விஷயத்தில் தகராறாகி அந்த வருஷமே பிரிந்துபோனார்கள். 1949 டிசம்பரில் அவர் செத்தார். அடுத்த வருஷம் அவர் பாடிப் பரவிய ‘குட்நைட் ஐரீன்’ பாட்டை ஒரு வெள்ளைக் குழு பாடி, வாரக்கணக்கில் அமெரிக்காவின் முதலிடத்தில் வைத்திருந்தது. இதைப் படிக்கும்போது நமக்கு யார் யார் ஞாபகம் வருகிறார்கள் என்று பட்டியல் போடத் தேவையில்லை.

5

ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் 1942-ல் சியாட்டிலில் பிறந்தவர். சிறுவயதில், அப்பாவோடு ஒரு வீட்டில் குப்பை அள்ளப் போனபோது ஒற்றைத் தந்தியோடு கிடந்த ஒரு உகுலேலேவைக் கண்டெடுத்தார். அவருடைய முதல் வாத்தியம் குப்பையிலிருந்து வந்தது. இந்தத் தகவலை ராக் இசை வரலாறுகள் ஒரு சுவாரசியமான துணுக்காகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகின்றன. குப்பை அள்ளுகிற சாதியில் பிறந்தவர்கள் இதைத் துணுக்காகப் படிக்க முடியாது.

இடது கைக்காரர். வலது கைக்காரர்களுக்குச் செய்த ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிதாரைத் தலைகீழாகத் திருப்பி, தந்திகளை மாற்றிக் கட்டி வாசித்தார். கறுப்பர்களுக்கென்று ஒதுக்கப்பட்டிருந்த கேளிக்கை விடுதிகளின் சுற்றில், லிட்டில் ரிச்சர்ட், ஐஸ்லி சகோதரர்கள் போன்றவர்களுக்குப் பின்னால் நின்று கூலிக்கு வாசித்த காலம் அவருக்கு உண்டு. ஊது வாத்தியங்களோடு நின்று வாசித்த மேடைகள் அவை. தன் குரலைப் பற்றி அவருக்குக் கூச்சம் இருந்தது. ஸ்டுடியோவில் மறைப்புக்குப் பின்னால் நின்று பாடியிருக்கிறார். 1967-ல் வந்த ‘ஆக்ஸிஸ்: போல்ட் ஆஸ் லவ்’ தொகுப்பில் பெரும்பாலான பாட்டுகள் அரைக்கட்டை இறக்கத்தில் இருக்கின்றன. மேடையிலும் அதுவே வழக்கமாகியது. பேச்சுக்கும் பாட்டுக்கும் நடுவில் நிற்கும் அந்தக் குரலுக்குக் கிதார் இறங்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது என்றுதான் நான் கேட்கிறேன்.

1969 ஆகஸ்ட் 18 காலையில் வுட்ஸ்டாக் மேடையில் அவர் அமெரிக்க தேசிய கீதத்தை வாசித்தார். சொல் கிடையாது. கிதார் மட்டும். வியட்நாமில் விழுந்துகொண்டிருந்த குண்டுகளின் ஓலம் அந்த மெட்டுக்குள் கேட்டது. ராணுவத்தில் பாராசூட் படையில் இருந்துவிட்டு வந்த மனிதர் அவர். விமர்சகர்கள் அந்த ஓலத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். ஆனால் அந்தக் கீதம் அன்றைக்கு இறக்கிக் கட்டிய தந்தியில் வாசிக்கப்பட்டது என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். தளர்ந்த தந்தியால்தான் சுரத்தை அந்த அளவுக்கு முறுக்கவும் தொங்கவிடவும் முடிந்தது. எழுந்து நின்று ஒரே குரலில் பாட வேண்டிய தேசத்தின் சுருதியை அவர் தன் கைக்கு வசதியான இடத்துக்கு இறக்கிக்கொண்டார்.

6

தோல் நிறம் மட்டும்தான் காரணமா? இல்லை. உழைக்கிற உடம்பு என்று ஒன்று இருக்கிறது. இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் டோனி ஐயோமி என்ற பையன் தகரப் பட்டறையில் வேலை பார்த்தான். 1965-ல், பதினேழு வயசில், வேலையை விட்டு நிற்கிற கடைசி நாளில், எந்திரம் அவன் வலது கையின் ரெண்டு விரல் நுனிகளை எடுத்துக்கொண்டது. அவனும் இடது கைக்காரன்; தந்தியை அழுத்துவது வலது கைதான். இனிமேல் கிதார் இல்லை என்றார்கள். பட்டறை மேலாளர் ஒரு இசைத்தட்டைக் கொண்டுவந்து போட்டுக் காட்டினார். ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் இசைத்தட்டு. ஜாங்கோ, ஊர்களுக்கு வெளியே வண்டிகளில் வாழ்ந்த, ‘ஜிப்சி’ என்று ஏசப்பட்ட ரோமானி இனத்தவர். 1928-ல் வண்டி தீப்பிடித்து இடது கையில் ரெண்டு விரல் முடங்கிப்போக, மிச்ச விரல்களால் வாசித்து உலகத்தைத் திரும்பிப் பார்க்க வைத்தவர்.

ஐயோமி பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்துகொண்டார். மெல்லிய பாஞ்சோ தந்திகளைக் கட்டினார். அதுவும் போதாமல் தந்தியை இறக்கினார். 1971-ல் வந்த பிளாக் சபாத் குழுவின் ‘மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி’ தொகுப்பில் பல பாட்டுகள் ஒன்றரைக் கட்டை இறக்கம். அந்தக் கனத்த, உலோகம் உரசுகிற சத்தம்தான் பிறகு ‘ஹெவி மெட்டல்’ என்று உலகம் பூராவும் விற்றது. வெட்டுப்பட்ட ஒரு தொழிலாளியின் கை தனக்கு வலிக்காத இடத்தைத் தேடிப்போன பாதை அது. பின்னால் வந்தவர்கள் அந்தப் பாதையை ‘பாணி’ என்றார்கள்.

இறக்கிக் கட்டுவது சோம்பேறித்தனம், சுலப வழி என்கிறவர்களுக்கு ஒரு பதில். டெக்சாஸ்காரரான ஸ்டீவி ரே வான் என்ற வெள்ளைக் கலைஞர் ஹெண்ட்ரிக்ஸையும் ஆல்பர்ட் கிங்கையும் ஆசான்களாக வரித்துக்கொண்டவர். அரைக்கட்டை இறக்கித்தான் வாசித்தார். ஆனால் மற்றவர்கள் 9, 10 என்று மெல்லிய தந்தி கட்டியபோது அவர் 13 கட்டினார். விரல் நுனி கிழிந்தால் பசை போட்டு ஒட்டிக்கொண்டு வாசித்தார். இறக்கிய தந்தியில் இன்னும் பெரிய பாரத்தை ஏற்றிக்கொள்ளலாம், அதற்காகவும் இறக்குகிறார்கள்.

7

இதைச் சொல்லிவிட்டு அரைக்கட்டையைக் கும்பிடச் சொல்லவில்லை. வான் ஹேலன், கன்ஸ் அண்ட் ரோஸஸ் என்று கோடிகளில் புரண்ட குழுக்களும் அதே ஈ ஃப்ளாட்டில்தான் வாசித்தார்கள். இன்றைக்குக் காலடியில் ஒரு பெடலை மிதித்தால் தந்தியைத் தொடாமலே சுருதி இறங்கிவிடுகிறது. சுருதியில் கலகம் ஒட்டிக்கொண்டு இருப்பதில்லை. ‘இறக்கியது எல்லாம் எதிர்ப்பு’ என்று எழுதுவது நம்ம விமர்சனத்தில் அடிக்கடி வருகிற வியாதி. ஒரு சொல்லை, ஒரு சத்தத்தை, ஒரு தோலைத் தூக்கி வைத்து அதற்குப் பூசை போட்டுவிட்டு, அதை வாசித்த ஆளை மறந்துவிடுவது. பறையை வாசிக்கும் முன்னால் வைக்கோல் தீயில் காய்ச்சுகிறோம். தோல் விறைத்துச் சுருதி ஏறுகிறது. அங்கே ஏற்றம், இங்கே இறக்கம். எது உயர்ந்தது என்ற கேள்வியே தப்பு. போதும், இது சரி என்று தீர்மானிக்கிற உரிமை யார் கையில் இருக்கிறது என்பதுதான் விஷயம். காய்ச்சுகிறவன் கையில் இருந்தால் அது இசை. அடிக்கச் சொன்னவன் கையில் இருந்தால் அது வெட்டி வேலை.

1903-ல் டு போய்ஸ் எழுதிய ‘கறுப்பு மக்களின் ஆன்மாக்கள்’ என்ற நூலில் ஒவ்வொரு அத்தியாயத்தின் தலையிலும் அடிமைகளின் துயரப் பாடல்களின் சுரங்களைக் குறிப்பாக அச்சிட்டிருக்கிறார். அந்த டு போய்ஸுக்குத்தான் 1946-ல் அண்ணல் அம்பேத்கர் கடிதம் எழுதினார். அமெரிக்கக் கறுப்பர்களின் நிலைக்கும் தீண்டப்படாதவர்களின் நிலைக்கும் இருக்கும் ஒற்றுமையைச் சொல்லி, ஐக்கிய நாடுகள் சபைக்குக் கறுப்பர்கள் அனுப்பிய மனுவின் பிரதியைக் கேட்டார். 1972-ல் பம்பாயில் தலித் பேந்தர்கள் தங்கள் பெயரை எங்கிருந்து எடுத்தார்கள் என்பதும் தெரிந்ததே. அதனால் இந்த ஒப்பீடு நாம் வலிந்து கட்டியது அல்ல. அவர்கள் கிதாரில் செய்ததை நாம் எழுத்தில் செய்துகொண்டிருக்கிறோம்.

1992-ல் பாமாவின் ‘கருக்கு’ வந்தபோது, இதெல்லாம் ஒரு தமிழா, கொச்சையாக இருக்கிறதே என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. கீபோர்டு மாஸ்டர் சொன்னதும் அதுதானே. பாட்டை இறக்காதே, தொண்டையை ஏற்று. எங்கள் பொம்பளைகள் வாயில் வருகிற சொல்லை எழுத்துத் தமிழின் மேல் ஸ்தாயிக்கு ஏற்றிப் பாடச் சொல்லிவிட்டு, எட்டாமல் கத்தும்போது சிரிப்பார்கள். சங்க இலக்கியத்துக்கு அருஞ்சொற்பொருள் தேடிப் படிக்கிற பொறுமை உள்ளவர்களுக்கு, எங்கள் ஆத்தா பேசுகிற சொல்லுக்கு மட்டும் காது திருப்பப் பொறுமை இல்லை. பொத்தான் இருக்கிறது. ஒரு தடவை அழுத்தினால் போதும். அழுத்தமாட்டார்கள்.

அண்ணன் அதற்குப் பிறகு பங்குக் கோயில் பக்கம் கிதாரை எடுத்துப் போகவில்லை. எங்கள் தெருச் சிற்றாலயத்தில் ராத்திரி செபம் மட்டும் நிற்கவில்லை. பெரியம்மா செத்த அன்றைக்கு, அடக்கத்துக்கு வந்த உபதேசியார் ஒரு பாட்டை மேலே எடுத்துவிட்டார். அத்தை பாதியில் கையமர்த்தி, ‘‘அய்யா, கொஞ்சம் எறக்கி எடுங்க. எங்க அக்கா இதவிடக் கீழதான் பாடும்’’ என்றாள். உபதேசியார் இறக்கி எடுத்தார். அன்றைக்குத் தெருவே பாடியது.